கல்லூரி ஐஸ் ஹாக்கி: வயதும் தகுதியும்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் யார் ஆடலாம், எத்தனை பருவம் ஆடலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) வகுக்கிறது. முதல் பிரிவு ஆடவர் ஆட்டத்தின் 2025ஆம் ஆண்டு நிலவரம் இங்கே தரப்படுகிறது.

வயது

இத்தனை வயதுக்கு மேல் ஆடக்கூடாது என்ற நேரடித் தடை இல்லை. பள்ளி முடித்தபின் கல்லூரியில் சேராமல் எவ்வளவு காலம் போட்டிகளில் ஆடலாம் என்பதற்கே வரம்பு. பெரும்பாலான விளையாட்டுகளில் ஓராண்டுதான் அவகாசம். ஐஸ் ஹாக்கியில் 21ஆவது பிறந்தநாளையொட்டி வரம்பு அமைகிறது. அதற்குப் பிறகும் சேர்க்கையைத் தள்ளிப்போட்டு ஆடுபவர், ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கல்லூரிப் பருவத்தை இழப்பார்.

இதனால், 18 வயதில் பள்ளி முடித்தவர் இரண்டாண்டு ஜூனியர் லீக்கில் ஆடி உடலும் ஆட்டமும் தேறியபின், 20 வயதில் முதலாமாண்டு மாணவராக வருவது வழக்கம். படிப்பு முடியும்போது அவருக்கு வயது 24. அதே களத்தில் 17 வயதுப் பையனும் இருக்கலாம். மேக்லின் செலிப்ரினி அந்த வயதில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2024இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை வென்றார்.

பருவக் கணக்கு

முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். இடையில் ஓராண்டு ஆடாமல் இருந்தாலும் இந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். ராணுவ சேவை, சமயப் பணி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கொரோனா காலத்து 2020–21 பருவம் எவர் கணக்கிலும் கழிக்கப்படவில்லை. பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் 4க்கு 2.3 சராசரிப் புள்ளியாவது பெற்றிருக்க வேண்டும்.

தொழில்முறை எல்லை

தேசிய ஹாக்கி லீக்கின் (என்.எச்.எல்.) வீரர் தேர்வில் ஓர் அணி ஒருவரை எடுத்துக்கொள்வதால் மட்டும் அவரது கல்லூரித் தகுதி போகாது, அந்த அணியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போய்விடும்.

கனடிய ஹாக்கி லீக்கின் கதை வேறு. அங்கே வீரர்களுக்கு மாதப்படி உண்டு, என்.எச்.எல். ஒப்பந்தம் பெற்ற சிலரும் அவர்களோடு ஆடுவர். இதனால் அந்த லீக் தொழில்முறையாகவே கருதப்பட்டு, அங்கு ஆடியவர்களுக்குக் கல்லூரிக் கதவு மூடப்பட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் இதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சங்கம் தடையை விலக்க முடிவெடுத்தது. தேவையான செலவுக்கு மேல் பணம் பெறாதவர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் கல்லூரியில் ஆடலாம். அந்த லீக்கின் மெடிசின் ஹாட் அணியில் ஆடிய கேவின் மெக்கென்னா, 2025 ஜூலையில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார்.