குழுப்படமும் தனிப்படமும்: மட்டக்களப்பு மாணவர் நிழற்பட வரலாறு

பாடசாலைக் கல்வியை நிறைவுசெய்யும் மாணவரின் உருவத்தை நிழற்படமாகப் பதிந்து வைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் நிலவுகின்றது. எனினும், அப்படத்தைக் கேட்பவர் யார், எதன்பொருட்டுக் கேட்கின்றார் என்னும் வினாக்களுக்கு எங்கும் ஒரே விடை கிடைப்பதில்லை. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் இவ்வழக்கம் வளர்ந்த வகையை ஆராயின், பாடசாலை கேட்டது குழுவின் படத்தையே என்பதும், சாதாரண மாணவனின் தனிமுகத்தை வேண்டி நின்றது அரசாங்கமே என்பதும் புலனாகும்.

1839 இல் நிழற்படக்கலை உலகறிய வெளிப்படுத்தப்பட்டது. 1851 இல் கண்ணாடித் தகட்டு எதிர்ப்படிவ முறை அறிமுகமானபின், ஒரே எதிர்ப்படிவத்திலிருந்து பல படிகளைக் காகிதத்தில் எடுத்தல் எளிதாயிற்று. 1860களில், பொஸ்ரன் நகரைச் சார்ந்த ஜோர்ஜ் வோரன் என்பார் ஹாவாட், யேல் முதலிய கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவரைத் தனித்தனியே படம் பிடித்தார். மாணவர் அப்படங்களைத் தொகுத்து ஏடுகளாகக் கட்டிக்கொண்டனர். அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளிற் பின்னர் வேரூன்றிய தனிப்பட வழக்கத்திற்கு இஃது ஒரு முன்னோடியாகும்.

இலங்கைக்கும் இக்கலை காலந்தாழ்த்தாது வந்து சேர்ந்தது. 1860களில் ஸ்கீன் நிறுவனமும், 1890 இற் பிளாற்றே நிறுவனமும் கொழும்பிற் புகழ் பெற்றன. எனினும் இங்குள்ள ஆங்கிலக் கல்லூரிகள் பின்பற்றியது பிரித்தானியக் கல்லூரிகளின் குழுப்பட மரபையே. மட்டக்களப்பின் கல்விப் பாரம்பரியமோ நிழற்படத்தினும் பழையது. வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் வருகையோடு 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820 இல் தோன்றிய வின்சன்ற் மகளிர் பாடசாலை, 1873 இல் எழுந்த புனித மிக்கேல் கல்லூரி, 1929 இற் சுவாமி விபுலாநந்தரால் நிறுவப்பட்ட சிவானந்த வித்தியாலயம் ஆகியன இப்பிரதேசத்தின் கல்வித் தூண்களாகும்.

குழுப்படத்திற்கெனத் தனியொழுங்கு உண்டு. நடுவில் அதிபர், இருமருங்கும் ஆசிரியர், பின்வரிசைகளில் மாணவர், முன்னே தரையில் இளையோர் என அமைவது வழக்கம். படப்பிடிப்பாளர் முக்காலியிற் கமராவை நிறுத்திப் பகலொளியில், கட்டட முகப்பின் முன்னே படம் எடுப்பார். படத்தின் கீழே பெயர்கள் வரிசை முறையில் எழுதப்படும். செலவும் பலரிடையே பகிரப்பட்டது. இன்ன ஆண்டில், இன்ன கல்லூரியில், இன்னாருடன் பயின்றவன் என்பதே அப்படம் மாணவனுக்கு அளித்த அடையாளம்.

தனிப்படம் வேண்டுவோர் நகரின் மையமாகிய புளியந்தீவை நாடினர். படுவான்கரைக் கிராமத்தவர்க்கு அது வாவியைக் கடந்து செல்லும் பயணமாகும். மண்முனைத் துறையில் 2014 இற் பாலம் திறக்கப்படும்வரை தோணியோ பாதையோதான் துணை. தீட்டிய திரைச்சீலை, கதிரை, பூச்சாடி ஆகியவற்றின் நடுவே முகம் பதியப்பெற்றது. எதிர்ப்படிவத்தின்மீது பென்சிலால் நுண்ணிய திருத்தங்கள் செய்யப்பட்டன. இத்தகைய படம் வசதியுடையார்க்கே பெரும்பாலும் வாய்த்தது.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, வறிய உழவர், மீனவர் பிள்ளைகளுக்கும் உயர் வகுப்புகளின் கதவைத் திறந்தது. 1908 இற் பதினாறு வயதில் விபுலாநந்தர் தேறிய கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை ஒருசிலர்க்கே உரியதாயிருந்தது. 1952 இல் தொடங்கிய க.பொ.த. சாதாரண தரமோ காலப்போக்கிற் பல்லாயிரவர்க்குரியதாயிற்று. பரீட்சை மண்டபத்தில் ஆளை உறுதிப்படுத்தும் தேவையும் உடன் வளர்ந்தது. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி, 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பரீட்சார்த்திகளுக்கான விண்ணப்பங்கள் அதிபர் வாயிலாக அனுப்பப்படலாயின. இதனால் வகுப்பு முழுவதுமே ஸ்ரூடியோவின் வாயிலில் வரிசையாக நின்றது. திரைச்சீலையும் பூச்சாடியும் அங்கே வேண்டப்படவில்லை. நேர்நோக்கிய முகம் ஒன்றே போதுமானது. பல குடும்பங்களிற் பிள்ளையின் முதற் படமும் ஒரே படமும் அதுவாகவே அமைந்தது.

அந்தச் சிறிய படம் போர்க்காலத்தில் எவரும் எண்ணாத சுமையைத் தாங்கியது. சோதனைச் சாவடிகளில் உயிரும் அட்டையைச் சார்ந்து நின்றது. 1990 செப்ரெம்பர் 5 இல், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. இவ்வாறு பிள்ளைகளை இழந்த தாய்மார், அடையாள அட்டைக்கென எடுத்த முகத்தைப் பெரிதாக்கி ஏந்தியவாறு ஆணைக்குழுக்களின் முன்னும் வீதியோரங்களிலும் நின்றனர். ஆளை அரசுக்குக் காட்டுவதற்கென எடுக்கப்பட்ட படமே, அந்த ஆள் எங்கேயென அரசை வினவும் சான்றாக மாறியது.

இயற்கையும் இச்சான்றுகளை விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரையோர இல்லங்களை வாரிச் சென்றது. வீட்டுச் சுவரிலிருந்த படம் அழிந்தவிடத்து, கல்லூரிச் சுவரில் எஞ்சிய குழுப்படத்தில் ஒருவரின் முகத்தைத் தேட வேண்டிய நிலை தோன்றியது. ஒருகாலத்தில் தனிமனிதனைக் கூட்டத்துள் மறைத்ததாகத் தோன்றிய குழுப்படம், அவனைக் காக்கும் கருவூலமாயிற்று.

2017 இல் அறிமுகமான புதிய அடையாள அட்டைக்குரிய படம் இலத்திரனியல் வடிவில் ஆட்பதிவுத் திணைக்களத்தைச் சென்றடைகின்றது. கைப்பேசியிற் படங்கள் பெருகிவிட்ட இந்நாளில், பழைய ஸ்ரூடியோக்களின் எதிர்ப்படிவங்கள் ஈரக்காற்றாலும் பூஞ்சணத்தாலும் அழிகின்றன. எஞ்சியவற்றைப் படியெடுப்பது பழைய மாணவர் சங்கங்களின் கடமை. அதனினும் அவசரமானது, வரிசையில் நிற்போரின் பெயர்களை அறிந்த முதியோர் வாழும்போதே அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வதாகும். பெயரற்ற முகம் படத்தில் நிலைக்கலாம். வரலாற்றில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.