துணி முத்திரையும் டொமைன் பெயரும்: ஒரு சட்ட வரலாறு

ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் கிழக்குக் கரையில் உள்ள பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர்கள் பலர் தங்கள் பெயரில் துணி விற்பதில்லை. ஜவுளி முதலாளி பாவும் ஊடை நூலும் தருவார். தறிக்காரர் மீட்டர் கணக்கில் கூலி வாங்கி நெய்து கொடுப்பார். துணியில் ஏறும் லேபிள் வேறொருவருடையது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை இணையத்தில் நேரடி விற்பனைக்கு இறங்கி, தாங்கள் நெய்யும் லுங்கியின் பிரபலமான பெயரோடு 'ஷாப்' என்று சேர்த்துச் சில நூறு ரூபாய்க்கு ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்தால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும்? கணினி யுகத்துக்கென்று புதிதாக எழுதிய சட்டம் எதிலும் இதற்கு விடை இல்லை. ஜவுளிக்கடை வழக்குகளில் பழகிப்போன ஒரு நீதிக்கொள்கையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் வணிக முத்திரைகளைப் பதிவு செய்யும் சட்டம் 1940இல்தான் வந்தது. 1889ஆம் ஆண்டின் சரக்கு முத்திரைச் சட்டம் பொய் முத்திரையைக் குற்றமாக்கியது, துணித் துண்டுகளில் நீளத்தைக் குத்தவும் சொன்னது; பெயருக்கான உரிமையை அது தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த 'பாஸிங் ஆஃப்' கொள்கை. தன் சரக்கை இன்னொருவரின் சரக்கென்று வாங்குபவர் நம்பும்படி விற்கக் கூடாது என்பதே அதன் சாரம். பதிவுச் சட்டம் வந்த பிறகும் ஜவுளிக்குத் தனி இடம் இருந்தது. நடப்பிலுள்ள 1999 வணிக முத்திரைச் சட்டத்தின் பத்தாவது அத்தியாயம் முழுக்க ஜவுளிக்கானது. துணித் துண்டின் முனையில் ஓடும் கோட்டை மட்டும் வைத்து யாரும் முத்திரை உரிமை கோர முடியாது என்கிறது அது. எல்லாத் தறியிலும் விழும் கோடு எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும்? 'லுங்கி' என்ற சொல்லுக்கும் இதே நியாயம்தான்.

டொமைன் தகராறுகள் முதலில் வெடித்தது அமெரிக்காவில். புகழ்பெற்ற கம்பெனிகளின் பெயர்களை வாரிப் பதிந்துவைத்த ஒருவர், பனாவிஷன்.காம் முகவரியில் பானா என்ற சிற்றூரின் படங்களைப் போட்டுவிட்டு, பெயரை விட்டுத்தர 13,000 டாலர் கேட்டார், 1998இல் தோற்றார். மறு ஆண்டே அந்நாட்டில் தனிச் சட்டம் வந்தது: பெயர் ஒன்றுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு.

இந்தியா அந்த வழியில் போகவில்லை. 1999 பிப்ரவரியில் யாஹூஇந்தியா.காம் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அன்றிருந்த 1958 முத்திரைச் சட்டம் சரக்குகளுக்கு மட்டுமே பொருந்தியது. சேவை அதற்குள் வராது. இணையம் பார்ப்பவர்கள் படித்தவர்கள், ஏமாற மாட்டார்கள் என்றும் எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் இரண்டையும் ஏற்காமல், பாஸிங் ஆஃப் சேவைக்கும் செல்லும் என்று கூறித் தடை விதித்தது.

நிலைத்த விடை சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் கிடைத்தது. சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் எழுத்துகளிலிருந்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999இல் சிஃபிநெட்.காம் உள்ளிட்ட முகவரிகளைப் பதிந்திருந்தது. பின்னர் ஆங்கிலத்தில் ஓர் 'எஃப்' மட்டும் கூடிய பெயரில் வேறொரு கம்பெனி வந்தது. தன்னை நிறுவியவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே அவை என்றது அது. பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை தந்தது. உயர் நீதிமன்றம் நீக்கியது. 2004 மே 6இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தந்தது. டொமைன் தகராறுக்கென்று நம் நாட்டில் சட்டம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, பாஸிங் ஆஃப் போதும் என்றது. தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வணிக முத்திரைக்கு எல்லை நாட்டோடு முடியும், டொமைன் பெயருக்கு அப்படி இல்லை. ஈரோட்டிலும் சூரத்திலும் ஒரே பெயரில் இரு ஜவுளிக்கடைகள் இருக்கலாம். டாட் காமில் ஒன்றுதான்.

நீதிமன்றத்துக்கு வெளியே இரு வழிகள் உண்டு. டாட் காம் போன்றவற்றுக்கு 1999இல் வந்த யூடிஆர்பி என்ற தகராறு தீர்வு விதி. டாட் இன்னுக்கு, அதன் பதிவேட்டை நடத்தும் நிக்ஸி அமைப்பு 2005இல் கொண்டுவந்த ஐஎன்டிஆர்பி. முன்னதில் கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும். பின்னதில் ஏதாவது ஒன்று போதும். டாட் இன் வாங்குபவருக்கு ஆபத்து அதிகம் என்பது 'மற்றும்', 'அல்லது' என்ற இந்த ஒற்றைச் சொல் வேறுபாட்டால் வருகிறது. இரண்டிலும் பெயர் பறிபோகுமே தவிர இழப்பீடு கிடையாது. அது நீதிமன்ற வேலை. 1999 சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற முத்திரை மீறப்பட்டால் முத்திரைக்காரர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போட இடமுண்டு என்பதால், பள்ளிபாளையத்துக்காரர் மும்பைக்கு அலைய நேரலாம். நோட்டீஸ் வந்ததும் "இவ்வளவு கொடுங்கள், விட்டுவிடுகிறேன்" என்று பேரம் பேசினால், அதுவே கெட்ட எண்ணத்துக்கு அத்தாட்சியாகலாம்.

கூலிக்கு நெய்தவருக்குப் பெயர் மீது உரிமை வராது. அசல் சரக்கை வாங்கி விற்பவர் நிலை சற்று வேறு. 2001இல் ஓகி டேட்டா வழக்கில், யூடிஆர்பி முறையீடுகளை விசாரிக்கும் வைப்போ அமைப்பின் நடுவர் குழு இவர்களுக்கு வழி விட்டது: அந்தப் பிராண்டின் சரக்கை மட்டுமே விற்க வேண்டும், கம்பெனியோடு தன் உறவு என்ன என்பதைத் தளத்திலேயே சொல்ல வேண்டும், அப்பெயரின் எல்லா வடிவங்களையும் வளைத்துப் போடக் கூடாது. உபரித் துணியை லேபிளோடு விற்பது இந்தக் கணக்கில் சேராது.

இதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. பள்ளிபாளையத்துக்கு மேலே ஆற்றோரம் இருக்கும் பவானியின் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் யூடிஆர்பி வணிக முத்திரைகளை மட்டுமே காக்கிறது. அந்தப் பெயரில் வெளியூர்க்காரர் ஒருவர் டாட் காம் எடுத்தால், குறியீட்டை மட்டும் காட்டி நெசவாளர்கள் அங்கே முறையிட முடியாது. நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.