தொழில்: கூலி

1/ நம்ம பக்கத்து ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் எதையாவது எடுத்துப் பாருங்க. பெயர், வயசு, ஊர், அப்புறம் 'தொழில்'னு ஒரு கட்டம். கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்து ஆளுங்கன்னா அந்தக் கட்டத்துல அடிக்கடி இருக்கிற ஆங்கில வார்த்தை 'கூலி'. இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு, எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சு? ஒரு த்ரெட்.

2/ முதல்ல தமிழ். தமிழ்ல கூலின்னா ஆள் இல்லீங்க, உழைப்புக்குக் கிடைக்கிற பலன். நகைக்கடையில செய்கூலி, டெய்லருக்குத் தையல்கூலி, லாரிக்கு ஏத்துக்கூலி, இறக்குக்கூலி. குறள் 619-லயும் இதே பொருள்தான். வந்திப் பாட்டிக்காகச் சிவபெருமான் மண் சுமந்த கதையில கூலி எது? பிட்டு. சுமந்தவர் கூலியாள்.

3/ ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த 'ஆள்' கழண்டு, கூலியே மனுஷன் ஆயிடுச்சு. இது தமிழ்லேர்ந்துதான் போச்சான்னா, அதுலயும் ஒரு வழக்கு இருக்கு. 1886-ல வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே ரெண்டு பக்கமும் பேசுது. குஜராத் பக்கம் 'கோலி'ன்னு ஒரு சமூகம், அந்தப் பேர்தான் மூலம்ங்கிறது ஒரு கட்சி. தமிழ்க் கூலிங்கிறது இன்னொரு கட்சி. ரெண்டும் கலந்திருக்கலாம்ங்கிறவங்களும் உண்டு.

4/ துருக்கி மொழியில 'குல்'னா அடிமை. அதையும் சிலர் இழுத்து விடுறாங்க. சீனத்துல இதை ரெண்டு எழுத்தா எழுதுறாங்க: 'கூ'ன்னா கசப்பு, 'லி'ன்னா பலம். கசப்பான உழைப்பு! ஆனா வார்த்தை பிறந்தது அங்க இல்ல. வெளியிலிருந்து வந்த ஓசைக்கு எழுத்தைப் பொருத்தினாங்க. அர்த்தம் கச்சிதமா உட்கார்ந்துடுச்சு.

5/ எதனால இவ்வளவு பரவுச்சு? சர்க்கரை. அடிமை முறையை பிரிட்டிஷ்காரன் 1834-லயும் பிரெஞ்சுக்காரன் 1848-லயும் நிறுத்தினான். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும். ஒப்பந்தத்துல கைநாட்டு வாங்கி இந்தியாவுலேர்ந்து கப்பல் ஏத்தினாங்க.

6/ நம்ம புதுச்சேரியும் காரைக்காலும் இதுல முக்கியமான துறைமுகங்கள். 'ஒரேலி'ங்கிற கப்பல் 1853 மே மாசம் இங்கிருந்து கிளம்பினவங்களை கரீபியன் தீவான மார்த்தினிக்ல இறக்குச்சு. அடுத்த வருஷம் டிசம்பர்ல அதே கப்பல் குவாதலூப்புக்குப் போச்சு. 1860-ல மெட்ராஸ்லேர்ந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போச்சு. போன இடமெல்லாம் 'கூலி'ங்கிறது வசை.

7/ கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் உடம்பைப் பார்ப்பார். இந்த உடம்பு கரும்புத் தோட்டத்துக்குத் தாங்குமான்னு பார்க்கத்தான். அப்பவே டாக்டர் பேனாவும் இந்த வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல வந்தாச்சு.

8/ தென்னாப்பிரிக்காவுல 1893-ல போய் இறங்கின காந்தியையே 'கூலி பாரிஸ்டர்'னாங்க. வக்கீல் கோட்டு போட்டாலும் கூலி. அதாவது சம்பளம் ஆளாச்சு, ஆள் இனமாச்சு. மொரீஷியஸ்ல ஆளுங்களை இறக்கின இடத்துக்குப் பேரே 'கூலி காட்'. இப்போ அது 'ஆப்ரவாசி காட்', 2006-லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. நம்ம ரயில்வேயும் 2016 பட்ஜெட்ல, இனி கூலின்னு வேணாம், 'சகாயக்'னு சொல்லலாம்னு அறிவிச்சுது.

9/ சரி, மரியாதை ஒரு பக்கம். டாக்டரா எனக்கு இன்னொரு பிரச்சனை. 'கூலி'ன்னு எழுதினா காசு எப்படி வருதுன்னுதான் தெரியும். அந்த உடம்பு காலையிலேர்ந்து என்ன செஞ்சுதுன்னு தெரியாது.

10/ நாலு பேர் வர்றாங்க, நாலு பேருக்கும் 'தொழில்: கூலி'.
ஒருத்தர் சேத்துல நின்னு நடவு நட்டவங்க. காய்ச்சல்னா எலிக்காய்ச்சலையும் நினைக்கணும்.
ஒருத்தர் வயலுக்கு மருந்து அடிச்சவர். வாந்தி, வியர்வைன்னா கண்ணோட பாப்பா சுருங்கியிருக்கான்னு உடனே பார்க்கணும்.
ஒருத்தர் கல் உடைக்கிறவர். நாள்பட்ட இருமல் டிபியாவும் இருக்கலாம், கல் தூசியால வர்ற சிலிகோசிஸாவும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.
ஒருத்தர் உச்சி வெயில்ல கரும்பு வெட்டுறவர்.

11/ அந்தக் கரும்புக்காரரைச் சாதாரணமா விட்டுடாதீங்க. மத்திய அமெரிக்காவுல நிகரகுவா, எல் சால்வடார் பக்கம் சுகர், பிபி எதுவும் இல்லாத இளவயசுக் கரும்புத் தொழிலாளிகளுக்குக் கிட்னி செயலிழந்து போறதைப் பார்த்துதான் வெயில், கடும் உழைப்பு, தண்ணி பத்தாததுன்னு டாக்டர்கள் ஆராய ஆரம்பிச்சாங்க. தொழில் கட்டம் காலியா இருந்தா இந்த முடிச்சைக் கண்டுபிடிக்க முடியுமா?

12/ இத்தாலியில ரமாத்சீனின்னு ஒரு டாக்டர். தொழிலாளிகளோட நோய்களைப் பத்தி 1700-லயே புத்தகம் எழுதினவர். நோயாளிகிட்ட ஹிப்பாக்ரடீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோட, 'என்ன வேலை செய்யறே?'ன்னும் கேளுன்னார். 300 வருஷம் தாண்டியாச்சு. அந்தக் கேள்விக்கு 'கூலி'ங்கிறது பதில் இல்ல.

13/ அதனால அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்போ, 'கூலி வேலைங்க'ன்னு நிறுத்திடாதீங்க. நடவா, களையா, மருந்து அடிக்கிறதா, சித்தாளா, மூட்டை தூக்குறதா, எத்தனை வருஷமா, வெயில்லயா தூசியிலயா, சொல்லுங்க. அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க அவங்களுக்காகச் சொல்லுங்க.

தம்பி தங்கச்சி ஹவுஸ் சர்ஜன்களே, கூடுதலா ஒரே ஒரு கேள்வி: 'என்ன வேலைம்மா?' பதிலை அப்படியே எழுதுங்க. கூலி வாங்கிறது அவங்க. கூலி அவங்க இல்ல.