மைக்செட் தொழில் (புதுக்கோட்டை மாவட்டம்)

திருவிழா, காதுகுத்து, நாடகம், அரசியல் கூட்டம் போன்றவற்றுக்கு ஒலிபெருக்கிகளை வாடகைக்குக் கட்டித் தரும் தொழில் மைக்செட் எனப்படுகிறது. ரேடியோ செட், சவுண்ட் சர்வீஸ் என்றும் சொல்வர். சென்னையில் 1945-இல் தொடங்கிய அரசுத் திரைப்படப் பயிற்சியில் ஒலிப்பதிவும் ஒரு பாடம். ஆனால் இடங்கள் சிலவே. கிராமத்து இளைஞனுக்கு ஒலிப்பொறியியல் கற்கக் கிடைத்த பள்ளி மைக்செட் கடைதான்.

ஒலிபெருக்கி வருமுன் நாடகத்தைக் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்த்தது நடிகரின் தொண்டை. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா (1916–1951) சிறுவயதிலேயே நாடக மேடையில் பாடி வளர்ந்தவர். மைக் வந்தபின் அந்தப் பொறுப்பில் பாதி மைக்செட்காரர் கைக்கு மாறியது.

சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த வள்ளி திருமணம் போன்ற நாடகங்கள் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடப்பவை. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவார்கள்; ஒத்திகை கிடையாது. மேடையில் தொங்கும் சில மைக்குகளை வைத்து வள்ளியின் பாட்டு, பபூனின் பேச்சு, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாவற்றையும் சமன்செய்ய வேண்டும். நடிகர் நகரும் திசையைப் பார்த்துக் குமிழைத் திருகும் இந்த வேலையைத்தான் பாடநூல்கள் ஒலிக்கலவை என்கின்றன.

தவறு செய்தால் காசு போகும். குழாய்களின் யூனிட் பெரும்பாலும் 16 ஓம். இரண்டை இணையாகக் கட்டினால் 8 ஓம், நான்கைக் கட்டினால் 4 ஓம். ஆம்ப்ளிபயர் தாங்காத அளவுக்குக் குறைந்தால் டிரான்சிஸ்டர் புகைந்துவிடும். ஓமின் விதியைப் பலர் அந்த வாடையில்தான் படித்தார்கள்! குழாயின் வாய் மைக்கை நோக்கினால் ஊளைச் சத்தம் எழும்; ஆகவே மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்துக் கட்டுவர். கூம்புக் குழாய் குறைந்த வாட்டிலேயே பேச்சை அடுத்த ஊர்வரை கொண்டுபோகும். தாழ்ந்த சுரங்கள் மட்டும் மெலிந்துவிடும்.

டெல்லியில் 1940-இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபயரைப் புதிதாக வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்கிப் பழுதுபார்த்தனர். 2என்3055 டிரான்சிஸ்டர், பின்னாளில் 4440 ஐசி ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் வாங்கித் தாங்களே பூட்டியவர்களும் உண்டு. குழாய் கெட்டால் முழு யூனிட்டை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினர்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 மணிவரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்தன. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அனுமதிக்கலாம். விடியும்வரை நடக்கும் நாடகத்துக்கு இது போதாது. கூம்புக் குழாய்களுக்குத் தனியாகவும் தடை வந்தது. நார்த்தாமலை பங்குனித் திருவிழாவும் பொதுத்தேர்வும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவதால், மாணவர் பக்கத்து நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. எனினும் சுமை விழுந்தது சிறிய மைக்செட்காரர் மீதே. குழாயைச் சைக்கிளில் கொண்டுபோகலாம். பெட்டி ஸ்பீக்கருக்கு வண்டியும் பெரிய முதலும் வேண்டும்.

ஒலிப்பதிவு கற்கும் செலவு மட்டும் குறைந்திருக்கிறது. ஆம்ப்ளிபயரிலிருந்து வயர் எடுத்துக் கேசட்டில் நாடகம் பதிந்ததுபோல இன்று மடிக்கணினியில் பதியலாம். 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி மென்பொருளில் அதை வெட்டித் தொகுக்கக் கட்டணம் ஏதுமில்லை.