சங்கு ஊதாத காலை

அமெரிக்காவில் சுழற்காற்று அதிகம் அடிக்கும் ஊர்களில் உயரமான கம்பத்தில் சைரன் இருக்கும். அது அலறினால் ஆட்கள் நிலவறைக்கு ஓடுவார்கள். விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து வைத்த சைரன்களே பின்னாளில் காற்றுக்கும் பயன்பட்டன. அங்கும் காற்றை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் பழையதல்ல. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில்தான் முதல் முன்னறிவிப்பு பலித்தது.

நம் ஊரில் சைரனுக்குப் பெயர் சங்கு. மில் சங்கு, நகராட்சிச் சங்கு... எல்லாம் மணி சொல்லத்தான்! ஆபத்தைச் சொல்ல தண்டோரா இருந்தது, கடற்கரை ஊர்களில் கோயில் மணி இருந்தது. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் கூண்டு ஏற்றுவார்கள். 1864-இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு தொடங்கிய ஏற்பாடு அது. ஆனால் கூண்டு கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குக் கேட்காது.

அஞ்சுகிராமத்திலிருந்து கடல் சில கிலோமீட்டர் தூரம்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29-க்கு சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. குமரிக் கரைக்கு அலை வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் ஒரு சங்கும் ஊதவில்லை. ஊதச் சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் அன்று ஓர் அமைப்பே கிடையாது. மணக்குடியில் பழையாற்றுப் பாலம் பெயர்ந்து போனது. குளச்சலில் பிணங்களை மொத்தமாகப் புதைத்தார்கள். மாவட்டத்தில் இறந்தவர்கள் சுமார் 800 பேர்.

அதே காலையில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து போன் செய்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் பிழைத்தது. செலவு ஒரு போன், ஒரு குழாய் ஸ்பீக்கர்!

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவில் மறுபடி பெரிய நிலநடுக்கம். இந்த முறை எச்சரிக்கை வந்தது, தமிழகக் கடற்கரைச் சனம் மேட்டுக்கு ஏறியது, பெரிய அலை வரவில்லை.

ஓகி வேறு கதை. 2017 நவம்பர் 30 அன்று அது புயலாக மாறியபோது குமரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எத்தனை சைரன் அலறியிருந்தாலும் அவர்களுக்குக் கேட்டிருக்காது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அதன் பிறகுதான், 2019-இல், செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' கருவி அறிமுகமானது.

தண்டோராவுக்கு 2022-இல் தமிழக அரசு தடை விதித்தது. 2023 அக்டோபர் 20 அன்று சோதனைக்காகத் தமிழகம் முழுக்க செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. செல்போன் கோபுரம் எட்டாத கடலில் அந்தச் சத்தம் இல்லை.