எருமைப்பாலும் "இயற்கை"யும்

நஞ்சன்கூடு கிளைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம். இங்கே நம்மூர்க் குடும்பங்கள் நாலு கூடினால் பேச்சு தாய்ப்பாலா, பவுடர் பாலா என்று வந்துவிடும். பவுடர் கொடுக்கும் பெண்ணுக்கு உடனே அர்ச்சனை: "இயற்கையை விட்டுட்டியேம்மா!" (நஞ்சுண்டேசுவரர் குடித்த ஆலகாலமும் இயற்கைதானே என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.)

வரலாற்றைப் பார்ப்போம். பக்கத்து மைசூரில் 1950-ல் தொடங்கியது சி.எஃப்.டி.ஆர்.ஐ. வெளிநாட்டு டப்பாக்களுக்கு அந்நியச் செலாவணி கரைந்த காலம் அது. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், சிசுவின் வயிற்றில் கெட்டியாகத் திரியும். அதைப் பக்குவப்படுத்திக் குழந்தை உணவாக்கும் முறையை 1950களில் இங்கேதான் உருவாக்கினார்கள். அமுல் தயாரித்தது. தாயை இழந்த பிள்ளைக்குப் பாலாடையில் தண்ணீர் கலந்த பசும்பால் என்ற நிலை மாறியது.

மறுபக்கமும் உண்டு. 1939-லேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், கைக்குழந்தைக்கென்று கண்டென்ஸ்டு மில்க் விற்பதைக் கொலை என்றே சாடினார். காசில்லாதவர்கள் பவுடரைக் குறைத்து, அழுக்குத் தண்ணீரில் கரைத்தால் வயிற்றுப்போக்குதான். 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் விதிமுறை, 1992-ல் இந்தியச் சட்டம். விளம்பரம் கூடாது, டப்பாவில் குழந்தை படம் கூடாது. கவனியுங்கள், சட்டம் பிடிப்பது விற்பவனைத்தான், வாங்கும் தாயை அல்ல.

தாய்ப்பால் உசத்திதான், நோய் எதிர்ப்புச் சக்தி அதில் இருப்பதால். இயற்கை என்பதால் அல்ல; எருமைப்பாலும் கன்றுக்குட்டிக்கு இயற்கைதான்! ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றார்கள். சட்டப்படி மகப்பேறு விடுப்போ 2017 வரை 12 வாரம், அப்புறம்தான் 26. பி.காம். கணக்கிலேயே உதைக்கிறது இல்லையா?