இலாவோகூன் சிலையும் இழந்த கையும்

நூலுரை, கருதல், காட்சி என்னும் மூன்றும் பண்டைப் பொருள்களை ஆராய்வார்க்கு இன்றியமையாதன. இவற்றுள் கருதல் காட்சியின் இடத்தைக் கவர்ந்துகொள்ளின் உண்மை நெடுங்காலம் மறைவதாகும். உரோமாபுரியிற் கிடைத்த இலாவோகூன் என்னும் பளிங்குச் சிலையின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

கி. பி. 1506 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அந்நகரத்து எஸ்குவிலின் குன்றிலுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தில் அச்சிலை நிலத்தடியினின்றும் வெளிப்பட்டது. போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ், அதனைக் கண்டுவருமாறு கட்டடக்கலை வல்லுநர் ஜூலியானோ சங்கல்லோவை அனுப்பினார். சிற்பி மைக்கலாஞ்சலோவும் உடன் சென்றார். திராய் நகரத்துப் பூசகன் ஒருவனையும் அவன் மைந்தர் இருவரையும் பாம்புகள் சுற்றி வருத்தும் அவ்வுருவத்தைக் கண்டமாத்திரத்தே, பிளினி தம் நூலிற் புகழ்ந்த சிலை இதுவே எனச் சங்கல்லோ தெளிந்தார். தீத்தஸ் மன்னன் மாளிகையில் நின்ற அச்சிலை, ரோட்ஸ் தீவினராகிய அகேசாந்தர், பொலிதோரஸ், அதெனோதோரஸ் என்னும் மூவரால் இயற்றப்பட்டதென்பது முதல் நூற்றாண்டினராகிய பிளினியின் கூற்று. அவ்வுரை ஈண்டுப் பெரிதும் பயன்பட்டது. ஆயினும், ஒரே கல்லிற் செய்யப்பட்டதென அவர் கூறியது பொருந்தவில்லை. சிலை பல துண்டுகளால் இணைக்கப்பட்டதாகும்.

தந்தையின் வலக்கை கிடைத்திலது. மறுமலர்ச்சிக் காலத்தார் அக்குறையைப் பொறாது, 1532 ஆம் ஆண்டையொட்டி மோந்தோர்சோலி என்பாரைக் கொண்டு மேல்நோக்கி நீட்டிய கையொன்றை அமைத்தனர். அதன் பின்னர் நீட்டிய வடிவமே உலகறிந்த வடிவமாயிற்று. லெஸ்ஸிங் என்னும் செருமானியப் புலவர் 1766 இல் இச்சிலையை முன்னிட்டுக் கலையாராய்ச்சி நூலொன்று வெளியிட்ட காலத்தும் அதுவே வழங்கியது. நெப்போலியன் காலத்திற் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்ட சிலை 1816 இல் உரோமாபுரிக்கு மீண்டது. உண்மைக் கையோ மீண்டிலது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லூத்விக் பொல்லாக் என்னும் யூத அறிஞர், உரோமாபுரியிற் கல் வேலை செய்வார் ஒருவரிடத்தே மடங்கிய பளிங்குக் கையொன்றைக் கண்டெடுத்தார். அஃது இச்சிலையின் படியொன்றிற்கு உரியதாகலாமென்றே அவர் கருதினார். கருதினும் அதனைப் போக்கிவிடாது வத்திக்கான் காட்சிச்சாலைக்கு அளித்தார். அரை நூற்றாண்டு அஃது அங்கே கிடந்தது.

1943 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் உரோமாபுரி யூதரை நாத்சியர் சிறைபிடித்தபொழுது, முதுமையெய்திய பொல்லாக்கும் மனைவி மக்களுடன் பிடியுண்டு ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டார். அவருள் ஒருவரும் திரும்பிலர்.

1957 இல் அறிஞர் அக்கையை ஆராய்ந்து, அது மூலச்சிலைக்கே உரியதெனத் துணிந்தனர். கையிலுள்ள துளையும் தோளிலுள்ள துளையும் ஒன்றோடொன்று நேர்பொருந்தின. பழைய நீட்டிய கை அகற்றப்பட்டது. மடங்கிய கை தன்னிடத்தே சேர்க்கப்பட்டது. எதிர்த்து ஓங்கி நிற்பவனாகத் தோன்றிய பூசகன், தலைக்குப் பின்னே கை மடங்கி, நோவின் பிடியில் ஒடுங்குபவனாகத் தோன்றினான். நானூறு ஆண்டு போற்றப்பட்ட தோற்றம் கருதலால் வந்ததென்பது அப்பொழுதே புலனாயிற்று. அதனைப் புலப்படுத்திய துண்டினைக் காத்தளித்தவரோ அதனைக் காண இருந்திலர்.